உடும்பும் அதன் பெயரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மேலகரத்தில் பேச எழும் எவரும் திரிகூடராசப்பக் கவிராயரை நினையாமல் வாய் திறப்பதில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்த இவ்வூரிற் பிறந்து, குற்றாலக் குறவஞ்சியைப் பாடி, மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதரிடம் 'குறவஞ்சி மேடு' என்னும் நிலத்தைப் பரிசிலாகப் பெற்றவர் அவர். அந்நூலைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் அருவியின் அழகிலோ வசந்தவல்லியின் பந்தாட்டத்திலோ சென்று தங்கிவிடும். இவ்வுரை அதன் இறுதிப் பகுதியில், பிரிந்திருந்த சிங்கனும் சிங்கியும் மீண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

சிங்கி பல நாடுகளில் குறி சொல்லித் திரும்பியிருக்கிறாள். அவள் காலில் சிங்கன் முன்பு கண்டறியாத பொருள்கள் கிடக்கின்றன. சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு என்கிறான். நெளிந்து கிடக்கும் பாடகத்தை நாங்கூழுக்கு ஒப்பிடுகிறான். கெச்சத்தைக் கண்டு, செத்த தவளையைக் கட்டியிருப்பதேன் என்கிறான். காலாழியையும் பீலியையும் சுருண்ட பூச்சி என்கிறான். கேட்கக் கேட்கச் சிங்கி ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரைச் சொல்கிறாள். சொல்வதோடு நில்லாமல், அது எந்த நாட்டில் எவர் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். சிங்கனின் வினாவில் ஐயமும் உண்டு, கேலியும் உண்டு. ஆயினும் அவன் கேட்கிறான் என்பதே இங்கு நோக்கத்தக்கது. தான் அறியாத ஒன்றைத் தான் அறிந்த ஒன்றன் பெயரால் அழைப்பது மனித இயல்பு. அப்பெயர் சரியா என்று உடையவரையே கேட்டுத் தெளிவது அறிவு.

இவ்வுரையின் பொருள் உடும்பு. இகுவானா என்னும் அயல்நாட்டு உயிரின் பெயர் அதன்மேல் வந்து ஏறிய கதை, சிங்கனைப் போலப் பெயரிட்டுவிட்டுச் சிங்கியைக் கேளாமல் போனவர்களின் கதையே ஆகும்.

கேளாமல் இட்ட பெயர்

1492ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கொலம்பஸ் பகாமாத் தீவுகளில் ஒன்றில் இறங்கினார். அதே மாதம் 21ஆம் நாள் அவரும் அவருடைய ஆட்களும் நீர்நிலையொன்றில் பெரிய ஊர்வன ஒன்றைக் கண்டு கொன்றனர். அவருடைய நாட்குறிப்பு அதனைப் 'பாம்பு' என்றே குறிக்கிறது. அது இகுவானாவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நான்கு காலுடைய உயிர் பாம்பு ஆயிற்று. சிலம்பு விரியன் ஆனதைப் போன்றதே இது. அத்தீவுகளில் வாழ்ந்த தைனோ இனத்தவர் அவ்வுயிரை 'இவானா' என்றனர். அச்சொல்லே ஸ்பானியர் வாயில் 'இகுவானா' ஆகி உலகெங்கும் பரவியது. சொல்லைக் கொடுத்த மக்களோ, நோயாலும் கட்டாய உழைப்பாலும் வாளாலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் பெரும்பகுதி அழிந்தனர்.

கொலம்பஸ் தேடிச் சென்றது ஆசியாவின் இந்தியாவை. அடைந்த இடம் அதுவே என்று எண்ணியதால், அங்கு வாழ்ந்த மக்களை இந்தியர் என்றார். பின்னர் ஐரோப்பியர் மெய்யான இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள உடும்பைக் கண்டு, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தாம் கொண்டுசென்ற பெயரால் 'குவானா' என்றும் 'இகுவானா' என்றும் அழைத்தனர். இந்தியரல்லாதார் இந்தியர் ஆயினர். இந்திய உடும்பு இகுவானா ஆயிற்று.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், யூல் என்பாருடன் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. இச்சொல்லுக்கு அதில் இடம் தந்த அவர்கள், இஃது இந்தியாவுக்கு உரிய சொல்லன்று என்பதையும் எடுத்துரைத்தனர். ஆனால் வழக்கு அகராதிக்குக் கட்டுப்படவில்லை. ஆங்கிலத்தில் உடும்பை இகுவானா என்று எழுதும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயரும் அங்குள்ள உடும்பினங்களை இச்சொல்லின் திரிபாகிய 'கோவானா' என்னும் பெயராலேயே இன்றளவும் அழைக்கின்றனர்.

அறிவியலார் இட்ட பெயர்களும் இப்பிழைக்கு விலக்காகவில்லை. 1802இல் பிரெஞ்சு விலங்கியலார் தொதேன் இந்திய உடும்பை வரையறுத்தபோது 'துப்பினம்பிஸ்' என்னும் பேரினத்தில் வைத்தார். அது பிரேசில் நாட்டுத் துப்பினம்பா மக்களின் பெயர். அம்மக்களிடையே ஒரு பல்லியினம் இன்ன பெயரால் வழங்குகிறது என்று முன்னையோர் எழுதிய குறிப்பைப் பிறழப் படித்ததால், மக்களின் பெயரே பல்லியின் பெயராகிவிட்டது.

1820இல் மெரம் என்பார் அரபுச் சொல்லை அடியாகக் கொண்டு 'வரானஸ்' என்று பெயரிட்டார். இன்று நிலைபெற்றிருப்பது அப்பெயரே. அவ்வரபுச் சொல்லின் ஒலியோ செருமானியர் காதில் எச்சரித்தலைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லைப் போல விழுந்தது. ஆகவே அது 'எச்சரிக்கும் பல்லி' ஆயிற்று. பின் 'எச்சரிப்போன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகிய 'மானிட்டர்' ஆங்கிலத்தில் நிலைத்தது. முதலை வருவதை உடும்பு முன்னறிவிக்கும் என்றொரு கதையும் இப்பெயருக்குத் துணையாக வழங்கியது.

ஓர் உயிருக்கு மூன்று அயற்பெயர். ஒன்று வேறொரு விலங்கினுடையது; ஒன்று வேறொரு மக்களுடையது; மற்றொன்று செவி செய்த பிழை. இம்மூன்றும் வந்து போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் கரிசலிலும் செம்மண்ணிலும் அவ்வுயிர் உடும்பாகவே இருந்து வந்தது.

ஓதியும் உடும்பும்

இகுவானாவைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்னும் வினாவுக்குச் சங்கப் புலவரிடமே விடை பெறலாம். அவர்கள் இகுவானாவைக் கண்டவரல்லர். ஆனால் கண்டிருந்தால் அதனை உடும்பு என்றிருக்கமாட்டார் என்று துணிந்து கூற இடமுண்டு.

குறுந்தொகையின் 140ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், பாலை வழியில் கிடக்கும் முதிய ஆண் ஓதியை, அதாவது ஓந்தியைக் காட்டுகிறார். அதன் முதுகுக்கு அவர் காட்டும் உவமை கருக்கரிவாள். முதுகெலும்பின் வழியே பல் பல்லாக நிற்கும் முட்களை அவர் கண் தவறவிடவில்லை. இகுவானாவின் முதுகிலும் அத்தகைய முள்வரிசையே நிற்கிறது. உடும்புக்கு அஃது இல்லை.

இன்றைய விலங்கியலும் நன்முல்லையாரின் கண்ணோடு உடன்படுகிறது. இகுவானாக்கள், ஓணான் வகைகள், பச்சோந்திகள் ஆகியவை ஒரு பெருங்கிளையைச் சேர்ந்தவை. உடும்பு வேறொரு கிளை. பச்சை இகுவானா இலை தின்று வாழ்வது. உடும்போ பூச்சி, முட்டை, சிற்றுயிர் முதலியவற்றைத் தேடித் தின்பது. பாம்பைப் போலப் பிளந்த நாவை நீட்டி மணம் அறிவது. ஆகவே இகுவானாவைத் தமிழ் உறவுமுறையில் அழைக்க வேண்டுமாயின் ஓணானுக்குத்தான் அது பங்காளி. உடும்புக்குத் தூரத்து உறவு மட்டுமே.

உடும்பையும் சங்கப் புலவர் தொலைவிலிருந்து பாடவில்லை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர் (புறநானூறு 152), அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து இறுதியில் புற்றிற் கிடந்த உடும்பில் சென்று தைத்ததாகக் கூறுகிறார். நான்கு விலங்குகளும் வெளியே நிற்க, உடும்பு மட்டும் புற்றில் இருக்கிறது. உடும்பு கறையான் புற்றில் ஒதுங்குவதும் அதில் முட்டையிடுவதும் விலங்கியலார் பதிவு செய்துள்ள உண்மை. அம்பு மிகையாக இருக்கலாம், புற்று மிகையன்று.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பின் விருந்தைச் சொல்லும்போது, நாய் பிடித்துவந்த சூல் உடும்பைக் குறிப்பிடுகிறார். வயிற்றினுள் கிடக்கும் முட்டைகளுக்கு அவர் தரும் உவமை கோத்த மணி. தங்கால் பொற்கொல்லனார் (புறநானூறு 326), வேட்டுவச் சிறுவர் தொலைவு செல்லாமல் மடையிலேயே பிடித்த, கால் குறுகிய உடும்பைக் காட்டுகிறார். அதன் கொழுப்பு தயிரில் வெந்த கூழில் சேர்ந்து விருந்தினர்க்கு உணவாகிறது. இடம், கால், முட்டை என மூன்று புலவர் மூன்று செய்தியைப் பதிவு செய்தனர். மூன்றும் கண்டவரோ கண்டவரைக் கேட்டவரோ அன்றிப் பிறர் சொல்ல இயலாதவை.

பெயரின் பொருள்

உடும்பு என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்போர் உண்டு. 'உடு' என்னும் அடிக்குச் சுற்றுதல், உடுத்தல் என்னும் பொருள்கள் இருத்தலால், எதையும் தழுவிப் பற்றுவது உடும்பு என்று விளக்கிவிடலாம். கேட்கச் சுவையாகவும் இருக்கும். ஆனால் ஒலி ஒப்புமை ஒன்றே சொல்லின் பிறப்புக்குச் சான்றாகாது.

இதற்கு இலங்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். அங்குள்ள நீர் உடும்பைத் தமிழரும் 'கபரக்கொய்யா' என்பர். இதிலுள்ள கொய்யாவுக்கும் பழத்துக்கும் உறவில்லை. உடும்பைக் குறிக்கும் 'கோதா' என்னும் வடசொல் சிங்களத்தில் 'கொயா' ஆகித் தமிழர் நாவில் கொய்யாவாக ஒலிக்கிறது. பழத்தின் பெயரோ மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்து மொழியிற் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. இகுவானா என்னும் சொல் பிறந்த அதே கடற்பரப்பு! 'கொய்யாத பழம்' என்று பொருள் சொல்லி அதனைத் தமிழாக்கிக் கொள்வோர் இன்றும் உளர்.

கொய்யாவும் இகுவானாவும் ஒரே திசையிலிருந்து கப்பலேறியவை. ஆயினும் கொய்யா என்னும் பெயர் பழத்தோடு வந்தது, தோட்டத்தில் வேர்விட்டது, தமிழாயிற்று. இகுவானா என்னும் பெயரோ விலங்கின்றித் தனியே வந்தது. ஏற்கெனவே பெயருடைய ஓர் உயிரின்மேல் ஏறி அமர்ந்தது. அதனால் இன்றுவரை குழப்பமாகவே நிற்கிறது. பொருளோடு வரும் சொல்லை ஏற்பதில் மொழிக்கு இழுக்கில்லை. பொருளை விட்டு வரும் சொல்லே பொய்யாகிறது.

உடும்பு என்னும் பெயரின் தொன்மைக்குச் சான்று வேறிடத்தில் இருக்கிறது. மலையாளத்தில் அது உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உடு, உட. இம்மொழிகள் தனித்தனியே பிரியுமுன்னரே இவ்வுயிருக்குப் பெயர் அமைந்துவிட்டது. நூற்றாண்டுகள் பல கடந்தும், அரசுகள் பல மாறியும், பெயர் உயிரை விடவில்லை. உயிரும் பெயரை விடவில்லை.

சொல்லின் பொருளை வேரில் மட்டுமன்றி வழக்கிலும் காண வேண்டும். மக்கள் இச்சொல்லுக்கு இரு பொருள்களை வளர்த்தெடுத்துள்ளனர். ஒன்று உடும்புப்பிடி. வளையிலோ பாறை இடுக்கிலோ புகுந்த உடும்பு, நகங்களால் பற்றிக்கொண்டு உடலை உப்பச் செய்து இறுகிவிடும், இழுத்தாலும் வராது. இவ்வியல்பே உறுதிக்கு உவமையாயிற்று.

மராட்டியர் வழக்கில் இது ஒரு குடிப்பெயராகவே நிலைத்தது. உடும்பின் மராட்டிப் பெயர் 'கோர்பட'. உடும்பைக் கயிற்றில் கட்டிக் கோட்டை மதிலேறிய கதையோடு தொடர்புபடுத்தப்படும் கோர்படே குடியினராகிய முராரி ராவ், 1741 முதல் 1743 வரை திருச்சிராப்பள்ளிக் கோட்டையைத் தம் கையில் வைத்திருந்தார். மற்றொன்று உடும்புநாக்கு. பிளந்த நா இரட்டைப் பேச்சுக்கு உவமையாயிற்று. ஓர் உயிரின் காலிலிருந்து உறுதிக்கும் நாவிலிருந்து பொய்ம்மைக்கும் மக்கள் உவமை கண்டனர்.

உவமை செய்த கொடுமை

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. உவமை எப்போதும் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. உடும்பின் பிடி உறுதியானது என்பது உவமை. ஆகவே அதன் கறியைத் தின்றால், குருதியைக் குடித்தால், எண்ணெயைத் தேய்த்தால் அவ்வுறுதி மனித முதுகுக்கும் மூட்டுக்கும் வந்துவிடும் என்பது உவமையை மருந்தாக மாற்றிய மூடநம்பிக்கை. இதற்கு மருத்துவச் சான்று எதுவுமில்லை. ஆயினும் அந்நம்பிக்கைக்காகவே எத்தனையோ உடும்புகள் பிடிபட்டு மாய்ந்துள்ளன.

இசைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததாகப் போற்றப்படும் கஞ்சிராவின் முகம் உடும்புத் தோலால் ஆனது. அதன் கும்காரத்தில் மயங்கியவர் பலர். தோலுக்குரிய உயிரை நினைத்தவர் சிலர். சட்டம் வந்தபின் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அதனிடத்தைப் பெற்று வருகின்றன. பழைய நாதம் அவற்றில் இல்லை என்று வருந்தும் கலைஞரின் வருத்தமும் பொய்யன்று. ஆனால் நாதத்தின் விலை என்ன என்று அறிந்தே வருந்த வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது பெயரை மறைத்துச் செய்யும் வணிகம். 'ஹத்தா ஜோடி' என்னும் பெயரில், கூப்பிய கைகளைப் போன்ற ஓர் அரிய வேர் என்று சொல்லி, செல்வம் தரும் பூசைப்பொருளாக ஒன்று விற்கப்பட்டு வந்தது. அது வேரன்று, ஆண் உடும்பின் பிறப்புறுப்பை அறுத்து உலர்த்தியது என்பதை ஆய்வாளரும் விலங்கு நல அமைப்புகளும் 2017இல் உலகறிய வெளிப்படுத்தினர். வாங்கியவரில் பலர் செடியின் வேரென்றே நம்பிப் பூசையறையில் வைத்தவர்கள். இங்கே பிழையான பெயர் வெறும் அகராதிக் குழப்பமாக நிற்கவில்லை. கொலையை மறைக்கும் திரையாக நின்றது. உடும்பு என்று சொல்லியிருந்தால் வாங்கியிருக்கமாட்டாத கை, வேர் என்று சொன்னதால் நீண்டது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள வரிசையில் வைத்திருக்கிறது. அதனை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை. இகுவானாவோ வளர்ப்புயிர் வணிகத்தின் வழியே இன்று இந்நாட்டுக்கு மெய்யாகவே வந்துவிட்டது. அதன் நிலை வேறு. அதற்குரிய விதிகளும் வேறு. நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டும் இருந்த இடத்தில் இப்போது விலங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது இனி மொழிப்பிழை மட்டுமன்று; வழக்குமன்றம் வரை செல்லக்கூடிய பிழை.

சிங்கியின் விடை

கவிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றே. இலத்தீன் அமெரிக்கக் கதையில் இகுவானா வந்தால் இகுவானா என்றே எழுதலாம். அது தைனோ மக்கள் விட்டுச்சென்ற சில சொற்களுள் ஒன்று. அதை மாற்றுவது அவர்களின் எஞ்சிய குரலையும் அடக்குவதாகும். பொதிகைச் சாரலின் பாறையில் வெயில் காயும் உயிரை எழுதும்போது உடும்பு என்றே எழுத வேண்டும். அவ்வாறே ஓணானை ஓணான் என்றும், கரட்டானைக் கரட்டான் என்றும், அரணையை அரணை என்றும், பச்சோந்தியைப் பச்சோந்தி என்றும் பிரித்தறிந்து எழுத வேண்டும். பெயர் தெரியாத இடத்தில், ஆடு மேய்ப்பவரையும் வரப்பில் நடப்பவரையும் மலையில் வாழ்பவரையும் கேட்க வேண்டும். அவர்களே இந்நிலத்தின் சிங்கிகள். ஒவ்வொரு பெயரையும், அது வந்த வழியையும் சேர்த்துச் சொல்லவல்லவர்கள்.

'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்பது பழமொழி. உடும்பைப் பிடிக்கப் போய், அதன் பிடியில் கை சிக்கியவன் கூற்று அது. இன்று அப்பழமொழியை உடும்புதான் மனிதனைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. புற்றிலிருந்து இழுக்கப்படும் உயிர் தன் கடைசிப் பிடியாகப் பற்றியிருப்பது மண்ணை மட்டுமன்று, தன் பெயரையும்தான். அப்பெயரைச் சரியாகச் சொல்லும் வாய் உள்ளவரை, அதன் பெயரால் பொய் விற்பது அரிதாகும்.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் சொற்களைக் கூடிப் பேசி வளர்த்திருக்கிறது. அடுத்த பத்தாண்டில், குற்றாலக் குறவஞ்சி பிறந்த இம்மண்ணின் செடி, கொடி, ஊர்வன, பறப்பன ஆகியவற்றின் வழக்குப் பெயர்களை ஊர்தோறும் கேட்டுத் தொகுக்கும் பணியையும் அது மேற்கொள்ளுமாயின், கவிராயருக்குச் செய்யும் நன்றிக்கடனாக அமையும். சிங்கன் கேட்டான், சிங்கி சொன்னாள், கவிராயர் எழுதினார். அம்மூன்று செயலும் இவ்வூரில் தொடர்க.